கப்பல் பாரில் அப்பா

எங்கள் தெருமுனையில் இருக்கும் பாருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் குழந்தைகளுக்கு உயர நாற்காலி போட்டுத் தருவார்கள். புனேயின் கோந்த்வாவில் குடியேறிய புதிதில் இந்த வாக்கியத்தை ஊருக்கு எழுத முயன்று கைவிட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் புரியும், வாக்கியம்தான் புரியாது. நம் பக்கத்தில் பார் என்றால் ஒயின்ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடக்கும் பெண்கள். இங்கே அது ஒரு சாப்பாட்டுக் கடை. மாமனார் பியர் குடிப்பார், மருமகள் பனீரைப் பிய்த்துத் தருவாள், பேரன் ஐஸ்கிரீமைச் சட்டையில் ஊற்றிக்கொள்வான். யாரும் யாரையும் அடிப்பதில்லை. நானும் அங்கே பல தடவை பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் தரும் விலைப்பட்டியலில் இடதுபக்கம் சைவம், வலதுபக்கம் அசைவம். வலதுபக்கத்தை நான் படித்ததே இல்லை. படித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. ஒன்று எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே வரிசை போடுவதற்குத்தான் சம்பளம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தச் சம்பளத்துக்காகப் புனே வந்தேன். அடுத்த மேஜையில் மிலிந்த் இருந்தான். நான் கண்டுபிடிக்கும் பிழைகளைத் திருத்துவது அவன் வேலை. முதல் வருடம் சண்டை போட்டோம். இரண்டாம் வருடம் அவன் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மராத்தியில் அம்மாவை ‘ஆயீ’ என்பார்கள். நம் வீடுகளில் அந்தச் சொல் கைக்குழந்தைகள் செய்யும் ஒரு காரியத்தைக் குறிக்கும். தொலைபேசியில் என் அம்மாவிடம் முதன்முதலாக விஷயத்தைச் சொன்னபோது, “அவங்க ஆயிய நெனச்சாதாம்மா கவலையா இருக்கு” என்றேன். அம்மா கேட்டாள்: “ஏட்டி, அவனுக்குக் கைப்பிள்ள இருக்கா?”

பிள்ளை இல்லை, ஒரு பார் இருக்கிறது என்று விளக்கினேன். பிள்ளையே பரவாயில்லை என்பதுபோல் அம்மா மூச்சு விட்டாள்.

கொங்கண் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர் மிலிந்துடையது. பெயரை எழுத வேண்டாம் என்று ஆயீ சொல்லியிருக்கிறார். மீன்பிடி லாஞ்சுகள், சிவப்பு மண் ஏற்றிப்போகும் ஒன்றிரண்டு பார்ஜ்கள், படகு அணையும் ஒரு ஜெட்டி, ஒரு சுங்க அலுவலகம். அவ்வளவுதான் துறைமுகம். மிலிந்தின் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, ஜெட்டிக்குப் பக்கத்தில் கப்பல் வடிவத்திலேயே ஒரு பார் கட்டினார். வாசல் கப்பலின் முகப்பு. சுவர்களில் ப்ளைவுட்டில் வெட்டிய வட்ட ஜன்னல்கள், அவற்றுக்குள் வரைந்த கடல், துள்ளும் டால்ஃபின்கள். தூண்தோறும் உயிர்காப்பு வளையம். பரிமாறுகிறவர்களுக்கு நீலக்கோடு போட்ட சட்டை, மாலுமித் தொப்பி. வார இறுதியில் புனேவிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே மாட்டியிருக்கும் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் வருவதில்லை. “நாள் பூரா படகில் இருக்கிறவன் சாயங்காலமும் காசு கொடுத்துப் படகில் உட்காருவானா?” என்பான் மிலிந்த். அவன் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து கல்லாவில் உட்காருவது ஆயீ.

ஆக என் வீட்டுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தவை: பையன் மராத்திக்காரன், மீன் சாப்பிடுகிறவன், குடும்பத் தொழில் பார், அதை நடத்துவது கணவனை இழந்த ஒரு பெண். நான்கையும் ஒரே நாளில் சொன்னேன். பிழைகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் எரிச்சல் கூடும் என்பது அலுவலக அனுபவம். அப்பா தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைவம். முட்டை போட்ட கேக்கை முகர்ந்தே கண்டுபிடிப்பவர். அவர் கோபப்படவில்லை. “நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார். ஆயீயிடம் மிலிந்த் கேட்கும்போதெல்லாம் அவரும் “பகூ” என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் பார்ப்போம் என்றுதான் பொருள். இரண்டு மொழிகளும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மிலிந்திடம் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவனும் தன் அம்மாவைப் பொறுத்து அதையே சொன்னான். பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு புகைப்படத்தைத் தபாலில் அனுப்புகிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. ஆயீயைப் பார்க்க அப்பா வரும் அந்தப் பயணத்தில் அவர்கள் இரண்டு பேரில் ஒருவர் தலையை ஆட்டாவிட்டால், திங்கள்கிழமை நாங்கள் மறுபடியும் அடுத்தடுத்த மேஜைக்காரர்கள்.

அப்பா தனியாகத்தான் ரயிலில் வந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கையில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. தூக்கின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் துணி கட்டி, துணிமேல் சணல் கட்டியிருந்தார். திருநெல்வேலிக்காரர் பெண் விஷயமாக ஒரு வீட்டுக்குப் போனால் அந்தத் தூக்கில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் மிலிந்த் கார் ஓட்ட, தாம்ஹினி மலைப்பாதை வழியாகக் கிளம்பினோம். தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டார். மிலிந்த் அவருடன் ஆங்கிலத்தில் பேசினான், அவர் “ஐ சீ” என்றார். மலைப்பாதை முழுக்க அவர் பேசியது அந்த இரண்டு சொற்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் வாய் திறந்தார்.

“ஏட்டி, அது என்னது, பெர்மிட் ரூம்னு போட்டிருக்கான்? லாரிக்குப் பெர்மிட் குடுக்கிற ஆபீஸா?”

“இல்லப்பா. இந்த ஊர்ல குடிக்கிறதுக்குக் கவர்மெண்ட் பெர்மிட் உண்டு. அது உள்ள இடத்துக்கு அப்படிப் பேரு.”

“அப்ப பெர்மிட் வாங்கித்தான் குடிக்கானா?”

“சட்டப்படி அப்படித்தான்.”

“ம். முறையாத்தான் நடக்கு” என்றார். முப்பத்தைந்து வருடம் அரசு வேலை பார்த்தவர். அது பாராட்டு.

கெட்டுப்போகக்கூடியவற்றை நான் ஏற்கெனவே வரிசைப்படுத்தியிருந்தேன்: மது வாடை, மீன் வாடை, குடித்துவிட்டு யாராவது பாடுவது, கல்லாவில் பெண். ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடும் இருந்தது. வாரநாள், மத்தியானம், வாடிக்கையாளர்களே இல்லாத நேரம். சைவச் சாப்பாட்டைத் தனிப் பாத்திரத்தில் ஆயீயே சமைக்கிறார் என்று மிலிந்த் உறுதி சொல்லியிருந்தான். இறங்கியவுடன் மின்சாரம் நின்றது. அந்த வருடங்களில் மகாராஷ்டிரத்தில் அது தினப்படி லோட்ஷெட்டிங். மிலிந்த் ஜெனரேட்டரைக் கிளப்பப் பின்பக்கம் ஓடினான். மலைப்பாதை வளைவுகள் என் வயிற்றைப் பதம் பார்த்திருந்ததால் நான் கதவில் கடற்கன்னி வரைந்த அறைக்கு ஓடினேன். அப்பாவும் ஆயீயும் பொது மொழி எதுவும் இல்லாமல் ஒரு கப்பலுக்குள் தனித்து விடப்பட்டார்கள். இது என் வரிசையில் இல்லை.

ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. குழாய்ச் சத்தத்தில் ‘ஹல்வா’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப முழுசாக வந்து விழுந்தது. அப்பாவுக்குப் பிடித்த விஷயம். நல்லபடியாகப் போகிறது என்று நிம்மதியாக முகம் கழுவினேன். அங்கே உண்மையில் நடந்ததை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பின்னால் ஒட்டவைத்தேன்.

அப்பா தூக்கை மேஜைமேல் வைத்து, தம் அலுவலக ஆங்கிலத்தில், “ஐ ப்ராட் ஹல்வா. ஃப்ரம் திருநெல்வேலி” என்றிருக்கிறார்.

ஆயீ திகைத்து, தம் சுற்றுலாக்கார இந்தியில், “ஹல்வா? மிலிந்த் தோ போலா, ஆப் வெஜ்?” என்று, அதாவது நீங்கள் சைவம் என்றல்லவா மிலிந்த் சொன்னான் என்று, கேட்டிருக்கிறார்.

“எஸ், எஸ், ப்யூர் வெஜ். பட் ஹல்வா எவ்ரிபடி ஈட்ஸ். மேரேஜ், ஃபங்ஷன், ஃபர்ஸ்ட் ஹல்வா.”

கொங்கண் கரையில் ஹல்வா என்பது ஒரு மீன். நம் ஊரில் கருப்பு வாவல் என்பார்கள். இனிப்பு ஹல்வாவும் அவர்களுக்குத் தெரியும், ஆனால் ஜெட்டியை ஒட்டிய சமையலறையில், காலையில் வந்த மீன்கூடை வாசலில் இருக்கும்போது, ஹல்வா என்றால் மீன்தான். அந்தக் கரையில் மீன் சாப்பிடும் பிராமணர்களும் உண்டு. ஆகவே ஆயீக்கு அதிர்ச்சி இல்லை, மகிழ்ச்சி. மதராஸிகளின் சைவத்தில் ஹல்வாவுக்கு இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அடுத்த கவலை தொழில் தெரிந்தவரின் கவலை.

“கித்னே தின்?” எத்தனை நாளாயிற்று என்று.

“டூ டேஸ். ட்ரெயின்.”

“பர்ஃப்?” பர்ஃப் என்றால் ஐஸ்கட்டி.

“பர்ஃபியா? நோ, நோ பர்ஃபி. ஒன்லி ஹல்வா.”

“பர்ஃப் நஹீ? தோ தின்?”

“நத்திங் வில் ஹாப்பன். ஒன் வீக் கூட இருக்கும். ஆயில் வில் கம் அவுட். தட் இஸ் த டேஸ்ட்.”

“அரே தேவா!” என்ற ஆயீ தூக்கை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்தபடி சமையலறைக்கு விரைந்து, சமையல்காரர் பாண்டூவிடம், திறக்காமல் அப்படியே ஐஸ் பெட்டியின் அடியில் புதைக்கச் சொல்லியிருக்கிறார். சம்பந்தி வீட்டார் கொண்டுவந்ததை முகத்துக்கு நேரே குப்பையில் போட முடியாது அல்லவா. பிறகு கூடையில் இருந்த ஒரே நல்ல ஹல்வாவை எடுத்துத் தாமே ரவை புரட்டி வறுக்க உட்கார்ந்தார்.

நான் வெளியே வந்தபோது அப்பா வட்ட ஜன்னலுக்குள் இருந்த ஓவியக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நெசக் கடலு பின்னால கெடக்கு. இங்க படத்த மாட்டி வச்சிருக்கான்” என்றார். குரலில் எரிச்சல் இல்லை. “அந்தம்மா நல்ல மாதிரி. அல்வான்னு சொன்னதும் எப்படிப் பதறிட்டா தெரியுமா? நம்ம ஊரு அல்வாவுக்கு இங்கயும் மரியாதை இருக்கு.” மேஜையில் அவருக்கு முன்னால் சோறு, மஞ்சள் பருப்பு, கத்தரிக்காய். எல்லாம் சைவம். நான் மிலிந்தைத் தேடிக் கண்ணை ஓட்டினேன். ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.

அப்போது ஆயீ வந்தார். நல்ல சேலை, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டிருந்தார், நெற்றியில் அடுப்பு வியர்வை. இரண்டு கையாலும் ஒரு பீங்கான் தட்டை ஏந்தி வந்து அப்பாவுக்கு நேர் முன்னால் வைத்தார். தட்டு நிறைய முழு மீன், தலையோடு, வாலோடு, ஓரத்தில் எலுமிச்சை.

“ஹல்வா” என்றார்.

அப்பா குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

“ஏட்டி” என்றார் மெதுவாக, “இதுக்குக் கண்ணு இருக்கு.”

நான் வாய் திறக்குமுன் ஆயீ தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி, கையால் சைகை காட்டி, ஆசையாகச் சொன்னார்: “கா, கா.”

மராத்தியில் ‘கா’ என்றால் சாப்பிடு. சரியாகச் சொல்வதானால் வயிற்றிலிருந்து காற்றை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டிய எழுத்து. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை, அப்பாவின் காதிலும் இல்லை. பாளையங்கோட்டை வீட்டில் தினமும் மத்தியானம் முதல் கவளம் சோற்றை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு அவர் சொல்வது அதே சொல். அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பின்பக்கக் கதவு வழியே ஜெட்டியின் சுவர் தெரிந்தது. சுவரில் ஏழெட்டுக் காக்கைகள்.

“ஓ” என்றார். எழுந்தார். தட்டைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டி நடந்தார். நான் “அப்பா” என்பதுவரை சொன்னேன். அதற்குள் சுவரில் தட்டைச் சாய்த்து மீனை வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, ஊரில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

“கா... கா... கா...”

சுவரில் இருந்தவை வந்தன. லாஞ்சுக் கயிறுகளில் இருந்தவை வந்தன. சுங்க அலுவலகக் கூரையில் இருந்தவையும் வந்தன. காலையில் கரை சேர்ந்த ஒரே நல்ல ஹல்வா கண்முன்னால் துண்டு துண்டாகப் பறந்தது. மாலுமித் தொப்பி போட்ட பரிமாறுபவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. மிலிந்த் கிரீஸ் கையோடு வந்து நின்று சுவரைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. நம் பக்கமும் காக்கை முன்னோர்தான். ஆனாலும் நாம் தினமும் கூப்பிடுவோம், பொங்கலன்றும் கூப்பிடுவோம், பெண் பார்க்க வரும் நாளிலும் கூப்பிடுவோம். இங்கே காக்கையைச் சோறுண்ணக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே காரியத்துக்கு. ஒருவர் இறந்த பத்தாம் நாள் கரையில் பிண்டம் வைத்துக் காத்திருப்பார்கள். காக்கை தொட்டால் போனவருக்கு மனக்குறை இல்லை. தொடாவிட்டால் ஏதோ ஆசை பாக்கி. அதை நிறைவேற்றுகிறோம் என்று உறவினர்கள் ஒவ்வொருவராக உரக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மிலிந்தின் அப்பாவுக்கு அந்த நாளில் காக்கை வரவில்லை. மீன் வாடைக்காக நாள் முழுக்கக் காக்கை காத்துக்கிடக்கும் ஊரில், அவர் பிண்டத்துக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. கடனை அடைக்கிறோம் என்றார்கள், பையனைப் படிக்கவைக்கிறோம் என்றார்கள், பாரை மூடமாட்டோம் என்றார் ஆயீ. வெயில் உச்சிக்கு வந்தபின் தர்ப்பையில் ஒரு காக்கை செய்து தொடவைத்துவிட்டு எல்லோரும் குளிக்கப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் உட்காரும் காக்கைகளை ஆயீ ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம்.

இப்போது பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் பேச வந்த மனிதர், ஆயீயின் வாசலில் நின்று காக்கையைக் கூப்பிடுகிறார். எல்லாம் முடிந்தது என்று மிலிந்த் நினைத்தான். அவன் முகத்தைப் பார்த்து நானும் நினைத்தேன். ஆயீ மெல்லப் படியிறங்கி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு காக்கை மீன் தலையைக் கவ்விக்கொண்டு உயிர்காப்பு வளையத்தின்மேல் உட்கார்ந்தது.

“அஹோ” என்றார் ஆயீ.

அது மராத்திப் பெண்கள் கணவனைக் கூப்பிடும் சொல். நம் ‘என்னங்க’. பெயர் சொல்லாமலிருக்கச் சொல்வது. காக்கை அவரைப் பார்த்தது, தின்றது, பறந்தது. ஆயீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிலிந்திடம் திரும்பினார்.

“ஹல்வாச் ஹவா ஹோதா த்யான்னா” என்றார். போனவருக்கு வேண்டியிருந்தது ஹல்வாதான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒருதரம் பார்த்துவிட்டு, “ஹோ ம்ஹணாலே தே” என்றார். சரி என்று சொல்லிவிட்டார் அவர்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பாவுக்குத் தேவைப்பட்டது. “என்ன சொல்லுதாங்க?” என்றார். “சாப்பிட உட்காரலாமாம்” என்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து கத்தரிக்காயை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடைசியில் பாண்டூ அந்தத் தூக்கை ஐஸ் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்து வந்து, மூக்கைச் சுருக்கியபடி எல்லோர் முன்னிலையிலும் டேப்பைக் கிழித்தார். உள்ளே அல்வா செங்கல்லாக இறுகிப்போயிருந்தது. நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. ஆயீ எட்டிப் பார்த்து, “ஹா ஹல்வா?” என்றார், இதுவா ஹல்வா என்று. “எஸ். ஹல்வா” என்றார் அப்பா. மிலிந்த் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஆயீக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதன்பின் அவர் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த சில்லறை குலுங்கியது என்று எழுத ஆசை. உண்மையில் அவர் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்காமல் அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

திரும்பும் வழியில் மலை ஏறத் தொடங்கியதும் அப்பா தாமாகப் பேசினார்.

“நல்ல வீடுட்டி. பார்தான் நடத்துதாங்க, இருந்தாலும் காக்காய்க்கு வைக்காமக் கைய நனைக்க மாட்டாங்க போலுக்கு.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். தெரிந்த பிழையைச் சொல்லாமல் விடுவது என் தொழிலில் குற்றம். “அப்பா, மராத்தில கான்னா சாப்பிடுன்னு அர்த்தம். அந்த மீனு உங்களுக்கு வச்சது.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மிலிந்த் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டியது சரியில்லை.

“எனக்குத் தெரியாதாக்கும்?” என்றார் கடைசியில். “மனுசன் முன்னால வைக்கிறத மனுசனுக்குத்தான் வைப்பாங்க. அந்தம்மா வேர்த்து விறுவிறுத்துக் கொண்டாந்து வைக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? காக்கா இருந்துச்சு, நல்லதாப் போச்சு.”

அவர் அப்போதே புரிந்துகொண்டுதான் எழுந்தாரா, மலை ஏறும்போது யோசித்து இதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத வகை.

“வாட் இஸ் ஹீ சேயிங்?” என்றான் மிலிந்த்.

“தூக்கு வாளிய அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லு அவன்ட்ட” என்றார் அப்பா. “கல்யாணத்தன்னைக்கு அவங்க அம்மா கொண்டுவந்தாப் போதும். நல்லாக் கழுவி.”

இப்போது எங்கள் வீடு கோந்த்வாவில் நான்காவது மாடி. மத்தியானம் வீட்டில் இருக்கும் நாட்களில் பால்கனிக் கம்பியில் ஒரு பிடி சோறு வைக்கிறேன். முதல் வாரமே எதிர்வீட்டு அம்மா வந்து, குரலைத் தாழ்த்தி, யார் போனது என்று கேட்டார். யாரும் போகவில்லை, சாப்பாட்டு நேரம் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. மாதத்தில் பாதி நாள் கொங்கணில் ஆயீயிடம் மராத்தி கேட்டு வளர்கிறவள். நான் பால்கனியில் நின்று “கா, கா” என்று கூப்பிடும்போதெல்லாம், உள்ளே எந்த விளையாட்டில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். கம்பியில் காக்கை தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறது. வாசற்படியில் அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். சோற்றுக் கவளத்தோடு நான் நடுவில்.